வரியில்லா நாடும் வீட்டுக் கணக்கும்



நம் தோட்டப்புறப் பிள்ளைகளிடம் இன்று ஒரு புதிய தொழில் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குப் பால்வாளி வேண்டாம், உளி வேண்டாம், விடியற்காலைப் பெரட்டும் வேண்டாம். ஒரு மடிக்கணினியும் இணையத் தொடர்பும் இருந்தால் போதும். வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடியே ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு கடைக்கு விளம்பரப் படம் வரைந்து கொடுக்கிறார் ஒருவர். இங்கிலாந்தில் உள்ள ஒரு நிறுவனத்திற்குக் கணக்கு எழுதித் தருகிறார் இன்னொருவர். தாயார் சுடும் முறுக்கையும் இடிக்கும் மசாலைத் தூளையும் இணையம் வழி விற்றுப் பணம் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

வருமானம் சற்றுக் கூடியதும் வீட்டில் ஒரு பேச்சு எழுகிறது. "இங்கே இருந்தால் வரி கட்ட வேண்டும். துபாயில் வரியே கிடையாது. அங்கே ஒரு கம்பெனி பதிந்து குடியேறிவிடப் போகிறேன்," என்று பிள்ளை சொல்கிறார். பெற்றோர் திகைக்கின்றனர். போகாதே என்று தடுப்பதா? சேமநிதியில் உள்ள பணத்தை எடுத்துக் கொடுப்பதா? நகையை அடகு வைப்பதா? கடைசித் தீர்மானம் உங்கள் குடும்பத்தினுடையது. அதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கை இன்று சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

முதலில், வரி எதைப் பொறுத்தது என்பதைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருப்பதால் அந்த வருமானத்திற்கு இங்கே வரி இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. வேலையை இந்த நாட்டில் உட்கார்ந்து செய்தால், பணம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அது மலேசியாவில் ஈட்டிய வருமானமே. ஒருவர் ஓர் ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தால், வரிக் கணக்கில் அவர் இந்நாட்டில் வசிப்பவர் ஆகிறார். அந்த நாட்கள் தொடர்ந்து இருக்க வேண்டியதில்லை. விட்டு விட்டு வந்தாலும் கூட்டிக் கணக்கிடுவார்கள்.

ஆகவே, துபாயில் கம்பெனியைப் பதிந்துவிட்டு, உடம்பு மட்டும் இங்கேயே இருந்தால் வரி போய்விடாது. பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே என்று இருப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 182 நாள் நிரம்பாதவர் பொதுவாக இந்நாட்டில் வசிக்காதவர் என்று கொள்ளப்படுவார். அப்போது அவர் இங்கே இருந்து வேலை செய்து ஈட்டிய பகுதிக்கு, கழிவு எதுவும் இல்லாமல், நேராக 30 விழுக்காடு வரி விழும். வரிக்குப் பயந்து ஓடியவர் பெரிய வரியில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இரண்டாவதாக, இங்கே கட்டும் வரி உண்மையில் எவ்வளவு என்று பார்ப்போம். பலர் இதைக் கணக்குப் போடாமலேயே பயப்படுகிறார்கள்.

ஒரு பிள்ளைக்குச் செலவெல்லாம் போக மாதம் 5,000 வெள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60,000 வெள்ளி. இதில் தனிநபர் கழிவு 9,000 வெள்ளி. மீதம் 51,000 வெள்ளிக்குத்தான் வரி. 2023ஆம் ஆண்டு வருமானத்திலிருந்து நடப்பில் உள்ள வீதப்படி, முதல் 5,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 15,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அதற்கடுத்த 15,000 வெள்ளிக்கு 3 விழுக்காடு, அதற்கும் அடுத்த 15,000 வெள்ளிக்கு 6 விழுக்காடு. இதுவரை 1,500 வெள்ளி ஆயிற்று. எஞ்சிய 1,000 வெள்ளிக்கு 11 விழுக்காடு, அதாவது 110 வெள்ளி. மொத்தம் 1,610 வெள்ளி. மாதத்திற்கு ஏறக்குறைய 134 வெள்ளி.

இந்த 134 வெள்ளியை மிச்சப்படுத்தத்தான் கடல் கடக்க வேண்டுமா? ஆண்டு முழுவதும் கட்டும் அந்த 1,610 வெள்ளி, துபாயில் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டின் ஒரு மாத வாடகைக்கும் போதாது.

இதே பிள்ளை மாதம் 20,000 வெள்ளி ஈட்டுகிறார் என்றால் கதை வேறு. ஆண்டுக்கு 240,000 வெள்ளி. தனிநபர் கழிவு மட்டும் போனால் வரி 42,150 வெள்ளி வரும். இது சிறிய தொகை அன்று. இந்த நிலையில் உள்ளவர் வேறு நாட்டைப் பற்றி யோசிப்பதில் பொருள் இருக்கிறது. இந்த அளவுக்கு வளர்ந்தவர், தம் தொழிலை இங்கேயே ஒரு செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனமாக மாற்றினால் என்ன ஆகும் என்றும் கணக்காய்வாளரைக் கேட்க வேண்டும். தகுதி பெறும் சிறு நிறுவனங்களுக்கு முதல் 150,000 வெள்ளி வருமானத்திற்கு 15 விழுக்காடுதான் வரி. இப்படி, ஒரே கேள்விக்கு இரண்டு வீட்டில் இரண்டு விடை வருகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை போனார் என்பதற்காக நம் பிள்ளையும் போகத் தேவையில்லை.

மூன்றாவதாக, அதிகம் பேசப்படும் இடங்களைப் பார்ப்போம்.

துபாய் அடங்கிய ஐக்கிய அரபுச் சிற்றரசுகளில் தனிநபர் வருமான வரி இல்லை. இது உண்மை. ஆனால் "வரியே இல்லை" என்பது உண்மை அன்று. 2018ஆம் ஆண்டு ஜனவரி முதல் அங்கே 5 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி இருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து நிறுவன வரியும் வந்துவிட்டது. 375,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட இலாபத்திற்கு 9 விழுக்காடு. தனியாளாகத் தொழில் செய்கிறவரும், ஆண்டு விற்றுவரவு ஒரு மில்லியன் திர்ஹாமைத் தாண்டினால் இந்த வரிக்குள் வந்துவிடுவார். சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் பதிந்தால் எந்த வருமானத்திற்கும் வரி இல்லை என்று சொல்வதும் முழு உண்மை அன்று. சட்டம் குறிப்பிடும் சில வகை வருமானங்களுக்கே அந்தச் சலுகை உண்டு.

அங்கே தங்குவதற்கு அனுமதியும் வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்திற்கு இணையம் வழி வேலை செய்வோருக்கு ஓராண்டு விசா ஒன்று இருக்கிறது. அதற்கு மாதம் குறைந்தது 3,500 அமெரிக்க டாலர் வருமானம் காட்ட வேண்டும். சொந்தத் தொழில் என்றால் தொழில் உரிமம் எடுத்து, ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

அடுத்தது சிங்கப்பூர். பக்கத்து ஊர், பழகிய ஊர். அங்கே வசிப்பவருக்கு முதல் 20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு வருமான வரி இல்லை. மிக உயர்ந்த வீதம் 24 விழுக்காடு. ஆனால் 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு ஆகியிருக்கிறது. மேலும், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே தொழில் தொடங்கிவிட முடியாது. வேலை அனுமதி வேண்டும். தொழில் முனைவோருக்கென்று தனி அனுமதி இருந்தாலும், புத்தாக்கத் தொழில், முதலீட்டாளர் ஆதரவு என்று அதற்கு நிபந்தனைகள் உண்டு. ஒற்றை ஆளாகச் செய்யும் சிறு தொழிலுக்கு அது எளிதில் கிடைக்காது.

மூன்றாவது இடம் நம் நாட்டுக்குள்ளேயே இருக்கும் லாபுவான். அங்கே வாணிபம் செய்யும் லாபுவான் நிறுவனத்திற்கு இலாபத்தில் 3 விழுக்காடுதான் வரி என்று விளம்பரம் வருகிறது. அது சரிதான். ஆனால் அந்தச் சலுகைக்கு லாபுவானில் முழுநேர ஊழியர்களை அமர்த்த வேண்டும். சட்டம் சொல்லும் தொகையை ஆண்டுதோறும் அங்கே செலவிடவும் வேண்டும். தவறினால் 3 விழுக்காடு 24 விழுக்காடாக மாறிவிடும். தீவில் ஒரு பெயர்ப் பலகையை மட்டும் மாட்டி வைத்தால் போதாது.

நான்காவதாக, வரிக்கு வெளியே இருக்கும் செலவுகள். இங்கே உடம்புக்கு முடியவில்லை என்றால் அரசாங்க மருத்துவமனையில் 1 வெள்ளி கட்டி வெளிநோயாளியாக மருத்துவரைப் பார்க்கிறோம். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்குக் கட்டணமில்லாமல் அனுப்புகிறோம். இவை நாம் எல்லோரும் கட்டும் வரியிலிருந்து நடப்பவை. துபாயில் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். பிற நாட்டார் பிள்ளைகள் பெரும்பாலும் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளிலேயே படிக்கிறார்கள். வாடகையைப் பல மாதங்களுக்குச் சேர்த்து முன்பணமாகக் கேட்பார்கள். பெற்றோருக்கு உடல்நலம் இல்லை என்று தந்தி போல ஒரு செய்தி வந்தால், உடனே புறப்பட விமானச் சீட்டுக்குப் பணம் இருக்க வேண்டும். இத்தனையையும் எழுதிக் கூட்டிய பிறகு எஞ்சுவதுதான் உண்மையான மிச்சம்.

முதுமைக்கான சேமிப்பையும் மறந்துவிடக் கூடாது. தோட்ட வேலையில் சேமநிதிக்குப் பிடித்தம் தானாக நடந்தது. இணையத் தொழிலில் பிடிப்பவர் யாருமில்லை, நாமே போட வேண்டும். சொந்தத் தொழில் செய்வோருக்குச் சேமநிதி வாரியம் ஐ-சாரான் என்று ஒரு திட்டத்தை நடத்துகிறது. 2025ஆம் ஆண்டிலிருந்து, போடும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, சேர்த்துத் தருகிறது. மாதம் 5,000 வெள்ளி ஈட்டும் பிள்ளை இதில் ஆண்டுக்கு 2,500 வெள்ளி போட்டால், அரசாங்கத்தின் 500 வெள்ளி கிடைக்கிறது. சேமநிதிக்கு வரிக் கழிவும் உண்டு என்பதால், அவருடைய வரி 1,610 வெள்ளியிலிருந்து 1,410 வெள்ளியாகக் குறைகிறது. ஆக 700 வெள்ளி ஆதாயம். பெற்றோருக்குச் செய்யும் மருத்துவச் செலவுக்கும் 8,000 வெள்ளி வரை கழிவு கேட்கலாம். இரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாவதாக, ஆலோசனை சொல்பவர் யார் என்று பாருங்கள். நம் பாட்டன்மார் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றை எண்ணிப் பாருங்கள். 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்பட்டு, முதலாளிமார் கட்டிய பணத்தில் கப்பல் கட்டணம் கொடுக்கப்பட்டது. ஊருக்குப் போய் ஆள் திரட்டிய கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு கிடைத்தது. அதனால் மலாயாவின் நல்லதை அவர் விரிவாகச் சொன்னார். காட்டையும் காய்ச்சலையும் சுருக்கமாகச் சொன்னார். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அந்த ஆள் சேர்ப்பைத் தடுத்து நிறுத்தியது. இன்று காணொலியில் தோன்றி, "வரியில்லா நாட்டுக்கு வாருங்கள்," என்று அழைப்பவர்களில் பலர், கம்பெனி பதிந்து கொடுத்துக் கட்டணம் வாங்குகிறவர்கள். அவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாம் போனால் அவருக்குக் காசு, போகாவிட்டால் இல்லை என்னும்போது, அவர் சொல்லை மட்டும் நம்பி நகையை அடகு வைக்கலாகாது. வரி வாரியத்திடம் கேளுங்கள். அந்த நாட்டு அரசாங்கத்தின் அறிவிப்பைப் படியுங்கள். நம்மிடம் கட்டணம் வாங்கி நமக்காகக் கணக்குப் பார்க்கும் வரி முகவரைக் கேளுங்கள்.

தாய்மார்களே, தந்தைமார்களே, பிள்ளை நாடு மாறும் பேச்சை எடுத்தால் சினம் கொள்ளாதீர்கள். ஒரு தாளும் பேனாவும் கொண்டு வரச் சொல்லுங்கள். நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இங்கே ஆண்டுக்கு எவ்வளவு வரி கட்டுகிறாய்? அங்கே வரி, வாடகை, விசா, காப்புறுதி எல்லாம் சேர்த்து எவ்வளவு? ஆண்டில் எத்தனை நாள் அங்கே, எத்தனை நாள் இங்கே இருப்பாய்? ஆறு மாதம் வேலை வராவிட்டால் எதைக் கொண்டு சமாளிப்பாய்? இந்த நான்குக்கும் எண்ணில் விடை சொல்ல முடிந்த பிள்ளை, போவதற்குத் தயாராகிவிட்ட பிள்ளை. அவருக்கு மனமார வாழ்த்துச் சொல்லி அனுப்பலாம்.

விடை சொல்ல முடியாதவர் இன்னும் இரண்டு ஆண்டுகள் இங்கேயே தொழிலை வளர்க்கட்டும். வரவு செலவை ஒழுங்காக எழுதி, ஏடுகளை ஏழு ஆண்டுகள் காத்து, ஆண்டுதோறும் ஜூன் 30ஆம் தேதிக்குள் 'பி' பாரத்தை அனுப்பட்டும். ஒழுங்கான வரிக் கணக்கு வங்கிக் கடனுக்கும் உதவும், பின்னாளில் வெளிநாட்டு விசாவுக்கும் உதவும்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பழமொழி. அக்கரை உண்மையிலேயே பச்சையாகவும் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் படகேறுவோம்.