கேஸ் எங்கே போகுது?

(பழைய மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



"பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சுட்டு ராதாபுரத்துல சோடா மெஷின் ரிப்பேரா பாக்க?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஆமாம். படித்த பாடம் எனக்கு அங்கேதான் தினமும் பயன்படுகிறது. அதையே பேசுகிறேன்.

கோலி சோடா பாட்டிலுக்கு 1872-ல் காப்புரிமை பெற்றவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். உள்ளே இருக்கும் வாயுவே கோலியைத் தூக்கி, கழுத்திலுள்ள ரப்பர் வாசரோடு அழுத்தி அடைத்துக்கொள்ளும். வாசர் தேய்ந்தாலோ, கோலி சில்லுப் பெயர்ந்தாலோ சோடா சப்பென்று ஆகிவிடும். நட்டம் ஒரு பாட்டில்தான். சிலிண்டரில் ஒழுகினால் கதை வேறு.

"அண்ணாச்சி, ஒரு மாசம் வர்ற சிலிண்டர் பத்து நாள்ல தீந்துட்டு. முள்ளு எறங்கவே இல்லையே?" என்பார்கள். உள்ளே திரவம் இருக்கும்வரை கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் வெப்பநிலையைத்தான் பொறுத்தது. மிச்ச அளவைப் பொறுத்ததல்ல. சுமார் 31 டிகிரிக்கு மேல் திரவம், வாயு என்ற வேறுபாடே இல்லை. 1869-ல் ஆண்ட்ரூஸ் சொன்னது இது. நாம் வரைபடம் போட்டு மார்க் வாங்கியதும் இதுதான். நம்மூர் வெயிலில் முள் காலையில் ஓரிடம், மதியம் ஓரிடம் நிற்கும். ஆகவே முள்ளை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். ராத்திரி எடை போட்டு, வால்வை மூடி வைத்து, காலையில் மறுபடியும் போடுங்கள். குறைந்திருந்தால் ஒழுக்கு சிலிண்டர் வால்விலேயே இருக்கிறது. அதை நாம் பிரிக்கக் கூடாது. வெளியே காற்றோட்டத்தில் வைத்துவிட்டு, கேஸ் தந்தவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எடை குறையவில்லையா? ரெகுலேட்டரை மாட்டி, ஹோஸின் மறுமுனையை அடைத்து, வால்வைத் திறந்து மூடுங்கள். இப்போது முள் இறங்கினால் ஒழுக்கு வால்வுக்கு இந்தப் பக்கம். சோப்புத் தண்ணீரை முதலில் ரெகுலேட்டர் நட்டில், அடுத்து ஹோஸ் கிளிப்பில், கடைசியில் மெஷின் மூட்டுகளில் தடவுங்கள். நுரை வரும் இடம் தெரிந்துவிடும். பெரும்பாலும் பழைய வாசர்தான் காரணம். காய்ந்துபோன வாசரை எவ்வளவு முறுக்கினாலும் அடைக்காது, மரைதான் போகும். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் புது வாசர் போடுங்கள்.

"நட்டு கழலமாட்டேங்கு" என்று சுத்தியலை எடுப்பவர்கள் உண்டு. முதலில் வால்வை மூடி, ஹோஸில் உள்ள கேஸை முழுக்க வெளியே விடுங்கள். அழுத்தம் இருக்கும்போது இறுகும் நட்டு, அழுத்தம் போனதும் தானாக இளகும். அப்புறம் சரியான அளவு ஸ்பேனர் போதும். வெல்டிங் பட்டறையிலிருந்து வரும் பையன்கள் சிலர் எதிர்ப்புறம் திருப்பி இன்னும் இறுக்கிவிடுவார்கள். அங்கே எரியும் கேஸுக்கு இடப்புற மரை. இங்கே வலப்புற மரை.

கடைசியாக, முக்கியமானது ஒன்று. ஆடிக் காற்றில் மணல் பறக்கிறதென்று எங்கள் பக்கத்தில் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். 1 கிலோ கேஸ் விரிந்தால் சுமார் 20 கன அடி. 30 கிலோ சிலிண்டர் என்றால் 600 கன அடி. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் மொத்தமே 1,000 கன அடிதான். இந்தக் கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. காற்றில் 10 சதவீதம் கலந்தாலே சில நிமிடங்களில் ஆள் நினைவு தப்பிவிடுவார். குனிந்து பாட்டில் கழுவுகிற பிள்ளைக்குத்தான் முதல் ஆபத்து. விழுந்தவரைத் தூக்கப் பாய்ந்து உள்ளே ஓடுபவரும் விழுவார். வெளியே நின்று கதவை எல்லாம் திறந்துவிட்டு, தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் ஊரிலும் ஒரு சோடா கம்பெனி இருக்கும். ஒரு நாள் போய் எட்டிப் பாருங்கள். தரையை ஒட்டிக் காற்று வெளியேற வழி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள். சொல்வதற்கு வேண்டிய படிப்பு உங்களிடம் இருக்கிறது.