திருவிழா முடிஞ்ச திங்கட்கிழமை

இந்த வாரம் டெக் பேச்சே கிடையாது. சாப்பாடு, தரை, கூடை, இந்த மூணும்தான். இடம்: காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி சுத்துவட்டாரம்.

அந்தப் பக்கம் சில வருஷமா செட்டிநாடு பாரம்பரிய விழா நடக்குது. பழைய பங்களாக்களை ஹோட்டலா நடத்துறவங்க சேர்ந்து நடத்துறாங்க. வீடுகளைச் சுத்திக் காட்டுறது, பலகாரம் செஞ்சு காட்டுறது, கைத்தொழில் செய்றவங்ககிட்ட கூட்டிட்டுப் போறதுன்னு சில நாள் ஊரே கலகலன்னு இருக்கும். நம்ம வயசு ஆளுங்களும் நிறைய வர்றாங்க. ரீல்ஸும் நிறைய வருது.

எனக்கு இதுல ஒரே ஒரு கேள்விதான். எல்லாரும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கார் ஏறிக் கிளம்பிடுறோம். திங்கட்கிழமை காலையில அந்தக் கல்லு ஊத்துறவருக்கும் கூடை பின்னுறவங்களுக்கும் வேலை இருக்கா?

ஆபீஸ்ல ஒரு ஆப் லாஞ்ச் பண்ணினா அன்னைக்கே கேக் வெட்டிடுவோம். ஆனா முப்பது நாள் கழிச்சு எத்தனை பேர் இன்னும் பயன்படுத்துறாங்கங்கறதுதான் நிஜமான கணக்கு. திருவிழாவுக்கும் அதே கணக்குதான்.

முதல்ல சாப்பாடு. வெள்ளைப் பணியாரம் ஊத்துறதைப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கீங்களா? அளவு ரொம்ப எளிது. ஒரு ஆழாக்கு பச்சரிசி, அதுக்கு மேலேயே கோபுரமா உளுந்து. ஊறவச்சு, வெண்ணெய் மாதிரி ஆட்டி, உப்பும் துளி சர்க்கரையும் போட்டு, காய்ஞ்ச எண்ணெய்ல ஒவ்வொரு கரண்டியா ஊத்தணும். அது உப்பி வரணும், ஆனா சிவக்கவே கூடாது. தொட்டுக்க வரமிளகாய்த் துவையல். நான் பார்த்தப்போ கூட்டத்துல ஒருத்தர், "ஆச்சி, எத்தனை நிமிஷம் வேகணும்?"னு கேட்டார். அவங்க சிரிச்சுக்கிட்டே, "நிமிஷமெல்லாம் தெரியாதுப்பா, சத்தம் அடங்குனா எடுத்துடுவேன்"னாங்க.

இதை எந்த டாக்குமென்ட்ல எழுதி வைப்பீங்க? அது கையில இருக்கிற விஷயம். தொடர்ந்து ஊத்திக்கிட்டே இருந்தாத்தான் கையில தங்கும். நல்ல வேளையா பலகாரத்துக்கு வருஷம் முழுக்க ஆள் இருக்கு. காரைக்குடியில கல்யாணச் சீருக்குப் பலகாரம் செஞ்சு கொடுக்கிறது ஒரு தொழிலாவே நடக்குது. தேன்குழல், மனகோலம், அதிரசம், மாவுருண்டைன்னு டின் டினா வெளியூருக்குப் போகுது. விழா இல்லாட்டியும் அந்த அடுப்பு எரியும்.

தரைக்கு வருவோம். ஆத்தங்குடிக் கல்லைச் சுடுறதே இல்லை, தெரியுமா? ஒரு கண்ணாடித் துண்டு, அதைச் சுத்தி ஒரு இரும்புச் சட்டம், உள்ள பூ டிசைனுக்கு ஒரு தகடு அச்சு. கலர் கலந்த சிமென்ட் கரைசலைக் கரண்டியால ஒவ்வொரு கட்டமா ஊத்தணும். அச்சை மெதுவா எடுத்துட்டு, மேல மணலும் சிமென்டும் போட்டுத் தட்டி, காயவச்சு, தண்ணித் தொட்டியில சில நாள் ஊறப்போட்டு எடுப்பாங்க. கண்ணாடியை உரிச்சா அந்தப் பளபளப்பு வந்திருக்கும். பாலிஷ் மெஷின் எதுவும் கிடையாது. கையாலயே ஊத்துறதால ஒரு கல்லு மாதிரி இன்னொரு கல்லு இருக்காது.

விழாவுக்கு வர்றவங்க இதை வாய் பிளந்து பார்ப்பாங்க, வீடியோ எடுப்பாங்க, ஞாபகத்துக்கு ரெண்டு கல்லு வாங்குவாங்க. இப்போ ஒரு சின்னக் கணக்கு. இருபதுக்குப் பத்து அடி ஹால், பத்து அங்குலக் கல்லு. நீளத்துக்கு 24, அகலத்துக்கு 12, ஆக மொத்தம் 288 கல்லு. அதாவது வீடு கட்டுற ஒரே ஒரு ஆளோட ஹால், ரெண்டு ரெண்டு கல்லு வாங்குற 144 பேருக்குச் சமம். அந்தத் தொழிலை நிறுத்தி வச்சிருக்கிறது வீடு கட்டுற ஆளுங்க கொடுக்கிற ஆர்டர்தான்.

மூணாவது கூடை, அதாவது கொட்டான். பனையோலையைக் கிழிச்சு, சாயம் ஏத்திப் பின்னுறது. முன்னாடி ஆச்சிமார்களே வீட்டுல உட்கார்ந்து சீருக்காகப் பின்னினது. ஒரு கட்டத்துல அது தெரிஞ்சவங்க வயசானவங்க சில பேர்தான்னு ஆயிடுச்சு. அப்போ விசாலாட்சி ராமசாமி தன்னோட அறக்கட்டளை மூலமா அதைச் சுத்துவட்டாரக் கிராமத்துப் பெண்களுக்குக் கத்துக்கொடுக்க ஏற்பாடு பண்ணினாங்க. 2013-ல் புவிசார் குறியீடும் கிடைச்சது. ஆனா, கண்காட்சியில வைக்கிற பொருளா மட்டும் இருந்திருந்தா அது மறுபடியும் நின்னிருக்கும். கல்யாணத் தாம்பூலத்துக்கு, பரிசு வச்சுக் கொடுக்கிறதுக்குன்னு ஆர்டர் வந்தது. அதனாலதான் பின்னுற கை நிக்கல.

புவிசார் குறியீடுன்னு சொன்னேன் இல்லையா, கண்டாங்கிச் சேலைக்கும் 2019-ல் அது வந்தது. பேரை வேற யாரும் எடுத்துப் போட்டுக்கக் கூடாதுங்கறதுக்கு அது உதவும். ஆனா தறிக்கு ஆர்டர் கொண்டுவர்ற வேலையை அது செய்யாது. அதை நாமதான் செய்யணும்.

இன்னொரு விஷயம் மனசுல உறுத்துது. இந்த வீடுகளோட கதையை எல்லாரும் அழகா சொல்றாங்க. பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, பர்மாவுல இருந்து வந்த கவுனி அரிசி. அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்து, பர்மாவுல இருந்த சொத்தும் வியாபாரமும் கையை விட்டுப் போன கதை. எல்லாமே வீட்டுக்காரங்க கதை. தரை ஊத்தினவர் பேர் எந்தச் சுவர்லயும் இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனா, இடிச்ச வீடுகளோட கதவு, தூண், பீங்கான் சாமான் எல்லாம் கடை கடையா விலைக்கு இருக்கும். வீடு போனா பாகம் பாகமா வித்துடலாம். கைவேலை அப்படிக் கடைக்கு வராது. செய்றவர் நிறுத்தினா அதோட சரி.

அதனால விழாவுக்குப் போகாதீங்கன்னு சொல்ல வரல. கண்டிப்பா போங்க, சாப்பிடுங்க. மூணு விஷயம் மட்டும் செய்ங்க.

ஒண்ணு, செஞ்சவங்க பேரும் நம்பரும் கேட்டு வாங்குங்க. போஸ்ட் போடும்போது, அவங்களுக்குச் சம்மதம்னா, ஹோட்டல் பேரோட அவங்க பேரையும் போடுங்க.

ரெண்டு, அங்க வாங்குறதை விட, திரும்பி வந்து ஒரு ஆர்டர் கொடுங்க. வீட்டு விசேஷத்துக்குக் கொட்டான், தீபாவளிக்குப் பலகாரம், எதுவானாலும் சரி.

மூணு, வீடு கட்டுற அண்ணனோ அக்காவோ இருந்தா, தரை போடுறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆத்தங்குடிப் பேச்சை எடுங்க. கடைசி நிமிஷத்துல கேட்டா கிடைக்காது, ஏன்னா கல்லு காய நாள் வேணும். உடைஞ்சா மாத்த நாலு கல்லு கூடவே வாங்கி வைக்கச் சொல்லுங்க. போட்ட பிறகு ஆசிட் பக்கமே போக வேண்டாம். தண்ணி விட்டுத் துடைச்சு, அப்பப்போ கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினா போதும். நடக்க நடக்கத்தான் பளபளப்பு கூடும்.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு விழாவும் அதுக்குப் பின்னாடி சில கைகளும் இருக்கும். எந்த ஊர், என்ன பொருள், இப்போ யார் ஆர்டர் கொடுக்கிறாங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அதைப் பேசுவோம். வரட்டா!