168 மணி நேரம்: ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் நடுவுல ஒரு எம்பிஏ வாரம்

(பாட்காஸ்ட் உரையின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காக ஆங்காங்கே திருத்தப்பட்டுள்ளது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நான் சேலத்துல எம்பிஏ படிக்கிறேன். இது நாலாவது செமஸ்டர், கடைசி செமஸ்டர். சொந்த ஊர் ஏற்காட்டுக்கு மேல, நாகலூர் பக்கம். வீட்டுல ரெண்டரை ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கு. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஹாஸ்டல். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பஸ் ஏறினா மலை மேல நான் வேற ஆள்.

"எம்பிஏ மாணவியோட ஒரு வாரம் எப்படி இருக்கும்னு பேசுங்க"ன்னு கேட்டாங்க. காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறேன், டைரி எழுதறேன், ஓடுறேன் அப்படின்னு சொல்ற வீடியோ நிறைய இருக்கு. நான் ஓடுறதில்ல. நான் பண்ணினது ஒண்ணே ஒண்ணு. முதல் வருஷம், ஒரு வாரம் பூரா, ஒவ்வொரு மணி நேரமும் எங்க போகுதுன்னு ஒரு நோட்டுல எழுதினேன். அந்த நோட்டு எங்க வீட்டுல ஒரு பெரிய பேச்சைக் கிளப்பிடுச்சு. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

முதல்ல, தெரியாதவங்களுக்காக. தமிழ்நாட்டுல எம்பிஏ சேர நிறைய பேர் எழுதறது டான்செட். அண்ணா பல்கலைக்கழகம் நடத்துது. படிப்பு ரெண்டு வருஷம், நாலு செமஸ்டர். வெளியில இருந்து பார்த்தா, கோட் போட்டுக்கிட்டு பிரசன்டேஷன் கொடுக்கிற படிப்பு மாதிரி தெரியும். உள்ள வந்தா அது ஒரு கூட்டுக் குடும்பம். தனியா எதுவுமே கிடையாது. கேஸ் ஸ்டடின்னா டீம், அசைன்மென்ட்னா டீம், பிரசன்டேஷன்னா டீம். அஞ்சு பேர் டீம்ல ரெண்டு பேருக்குச் சாயந்திரம்தான் நேரம் கிடைக்கும், ஒருத்தருக்கு ராத்திரி பதினோரு மணிக்குத்தான் மூளை வேலை செய்யும். பாடம் கஷ்டம்னு சொல்ல மாட்டேன். அஞ்சு பேரோட நேரத்தை ஒண்ணு சேர்க்கிறதுதான் கஷ்டம்.

சரி, நோட்டுக்கு வருவோம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அம்பானிக்கும் அதேதான், எனக்கும் அதேதான். நான் எழுதினது டிசம்பர் மாசத்துல ஒரு வாரம்.

தூக்கம் 42 மணி நேரம். வகுப்பு 30. அசைன்மென்ட், டீம் வேலை, படிப்பு எல்லாம் சேர்த்து 24. பிளேஸ்மென்ட் பயிற்சி 10. பஸ், பஸ்ஸுக்காக நிக்கிறது 6. தோட்ட வேலை 22. சாப்பாடு, குளியல், துணி துவைக்கிறது 21. கூட்டிப் பாருங்க, 155 வரும். மிச்சம் 13 மணி நேரம் எங்க போச்சுன்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். யோசிக்க வேண்டியதே இல்ல. போன்லதான் போச்சு.

இதுல தோட்ட வேலை 22 மணி நேரம்கிறது நிறைய பேருக்குப் புரியாது. சனி, ஞாயிறு லீவுதானே, கொஞ்சம் ஹெல்ப் பண்ணிட்டு வரலாம்னு நினைப்பாங்க. காப்பி அப்படி இல்லைங்க.

எங்க மலையில இருக்கறது பெரும்பாலும் அராபிகா. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் பழம் எடுக்கிற சீசன். எல்லாப் பழமும் ஒரே நாள்ல பழுக்காது. ஒரே செடியில சிவப்பும் இருக்கும், பச்சையும் இருக்கும். சிவப்பை மட்டும் பார்த்து பார்த்துப் பறிக்கணும், அதனால ஒரே செடிக்கு மூணு நாலு தடவை திரும்பி வரணும். பறிச்ச பழத்தை அன்னைக்கே பல்பர்ல போட்டுத் தோலை எடுக்கணும். அப்புறம் கொட்டை மேல இருக்கற கொழகொழப்பு போக ஊற வைக்கணும், கழுவணும், களத்துல காய வைக்கணும். காயும்போது அடிக்கடி கிளறி விடணும். சாயந்திரம் பனி இறங்கறதுக்கு முன்னாடி கூட்டி மூடணும். இப்படிப் பண்ணினா பார்ச்மெண்ட். அதுக்கு நல்ல விலை. நேரம் இல்லாம பழத்தை அப்படியே தோலோட காயப் போட்டா அது செர்ரி. அதுக்கு விலை கம்மி. இவ்வளவும் பண்ணி, ஆறு கிலோ பழத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ காப்பிக் கொட்டைதான் தேறும்.

அதாவது பழத்துக்கு காலண்டர் கிடையாது. "திங்கக்கிழமை இன்டர்னல் இருக்கு, கொஞ்சம் பொறு"ன்னு சொல்ல முடியாது.

அந்த வருஷம் ஒரு வியாழக்கிழமை, "சனிக்கிழமை டெஸ்ட், மார்க் உண்டு"ன்னு அறிவிப்பு வந்துச்சு. நான் ஹாஸ்டல்லயே தங்கிட்டேன். மலை மேல அப்பாவும் அம்மாவும் மட்டும். அன்னைக்கு ஆளுங்களும் கம்மியா வந்திருக்காங்க. பறிச்சதுல பாதியைப் பல்பர்ல போட முடியல, செர்ரியாவே காயப் போட்டுட்டாங்க. எனக்கு அந்த டெஸ்ட்ல இருபதுக்குப் பதினெட்டு. வீட்டுல யாரும் ஒரு வார்த்தை சொல்லல. ஆனா அடுத்த வாரம் களத்துல காஞ்சுக்கிட்டிருந்த அந்தச் செர்ரியைப் பார்த்தப்போ, பதினெட்டு மார்க்குக்கு விலை கொடுத்தது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுது.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன்.

ரெண்டாவது செமஸ்டர்ல, 2024-ல, காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்புல ஒரு அசைன்மென்ட். உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு தொழிலை எடுத்து, அதோட உண்மையான செலவைக் கணக்குப் போடணும். எல்லாரும் டீக்கடை, ஜவுளிக்கடை, வெள்ளிக் கொலுசுப் பட்டறைன்னு எடுத்தாங்க. நான் எங்க தோட்டத்தை எடுத்தேன்.

அதே சமயம் வீட்டுல வேற ஒண்ணு ஓடிக்கிட்டிருந்துச்சு. எங்களுக்குப் பக்கத்துத் தோட்டம் கைமாறி, டூரிஸ்ட்டுக்கு ரூம் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. எங்க இடத்தையும் கேட்டு ஆள் வந்தாங்க. அப்பா முடியாதுன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. என்கிட்ட, "கண்ணு, நீதான் இதெல்லாம் படிக்கிறியே, கணக்குப் போட்டுச் சொல்லு, வெச்சுக்கலாமா கொடுத்துடலாமா"ன்னு கேட்டார். அப்பா என்கிட்ட அப்படி ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

போட்டேன். காப்பியும், சில்வர் ஓக் மரத்துல ஏறியிருக்கற மிளகும் சேர்த்து வந்த பணம். அதுல கூலி, உரம், மருந்து, கவாத்து, வண்டி வாடகை எல்லாம் கழிச்சா கையில நின்னது ஏறக்குறைய 90,000 ரூபாய். அப்பா சந்தோஷமா, "பாத்தியா, லாபம்தான்"ன்னார்.

ஆனா வகுப்புல வாய்ப்புச் செலவுன்னு ஒண்ணு சொல்லிக் கொடுத்திருந்தாங்க. ஒரு நேரத்தை ஒரு வேலையில போட்டா, அதே நேரத்துல வேற என்ன சம்பாதிச்சிருக்கலாமோ அதுவும் ஒரு செலவுதான். பில்லுல வராது, ஆனா செலவு. அதனால அப்பா, அம்மா ரெண்டு பேரோட நேரத்தையும் கேட்டு எழுதினேன். சராசரியா வாரத்துக்கு ரெண்டு பேரும் சேர்ந்து 35 மணி நேரம். 52 வாரத்துக்கு 1,820 மணி நேரம். 90,000-ஐ அதால வகுத்தா மணிக்கு 49 ரூபாய் சொச்சம்.

பறிக்க வர்றவங்களுக்கு நாங்க கொடுத்த கூலி எட்டு மணி நேரத்துக்கு 450 ரூபாய். மணிக்கு 56. அதாவது, முதலாளின்னு நாங்க சொல்லிக்கிற எங்க அப்பா, கூலிக்கு வர்றவங்களுக்குக் கொடுக்கறதைவிடக் கம்மியாத்தான் தனக்குக் கொடுத்துக்கிட்டிருந்தார். அவங்களுக்குக் கொடுத்தது அதிகம்னு நான் சொல்லல, அந்த வேலைக்கு அது அதிகமே இல்ல. இவருக்குக் கிடைச்சது அதைவிடக் கம்மி, அவ்வளவுதான்.

அப்பா ரொம்ப நேரம் அந்தப் பேப்பரையே பார்த்துக்கிட்டிருந்தார். அடுப்படியில இருந்த அம்மாதான் பேசினாங்க. "எல்லாம் சரி, இதுல உன்னோட சனி ஞாயிறு எங்க?"

நான் போடவே இல்லைங்க. கணக்குப் போட்டவளோட நேரத்தையே கணக்குல போடல. வாரத்துக்கு 22 மணி நேரம், அந்தச் சீசன்ல 12 வாரம், மொத்தம் 264. அதையும் சேர்த்தா மணிக்கு 43 ரூபாய்.

அந்த அசைன்மென்டுக்கு நல்ல மார்க் வந்துச்சு. ஆனா எனக்கு அதுல கிடைச்ச பாடம் மார்க் இல்ல. நாம "பிஸி"ன்னு சொல்றோமே, அந்த வார்த்தைக்குப் பின்னாடி விலை போடாத நேரம் நிறைய ஒளிஞ்சிருக்கு. நம்மளோடதும் இருக்கு, நமக்காக மத்தவங்க கொடுக்கறதும் இருக்கு. நான் ஹாஸ்டல்ல உட்கார்ந்து கேஸ் ஸ்டடி படிக்கிற 24 மணி நேரம் சும்மா வரல. மலை மேல ரெண்டு பேரு அவங்க நேரத்தை அதுக்குள்ள போட்டிருக்காங்க.

சிலர் கேப்பாங்க, இப்பத்தான் காப்பி விலை ஏறிடுச்சே, இன்னும் என்ன கவலைன்னு. உண்மைதான். 2025 பிப்ரவரியில நியூயார்க் சந்தையில அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டுச்சு. பிரேசில்ல மழை இல்லாததுதான் பெரிய காரணம். எங்களுக்கும் இந்தத் தடவை நல்ல பணம் வந்துச்சு. ஆனா இந்த மலை காப்பி விலையோட ஏத்த இறக்கத்தை ரொம்ப காலமாப் பார்த்துக்கிட்டிருக்கு. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துல இங்க காப்பி வந்துச்சு. அப்புறம் பல வருஷம், விளைஞ்சதைக் காப்பி போர்டுக்குத்தான் கொடுக்கணும்னு சட்டம் இருந்துச்சு. 1990-கள்ல அதைத் தளர்த்தி விவசாயி நேரடியா விக்கலாம்னு ஆச்சு. அதுல இருந்து பிரேசில்ல மழை பெய்ஞ்சா எங்க வீட்டுல விலை இறங்கும், அங்க பெய்யலைன்னா இங்க ஏறும். ஒரு வருஷ விலையை வெச்சு நிலத்தை விக்கவும் முடியாது, வெச்சுக்கவும் முடியாது. விலை எங்க கையில இல்ல. நேரம் கொஞ்சமாவது எங்க கையில இருக்கு.

அதனால நேரத்தை மாத்தினோம். மூணு விஷயம் பண்ணினோம்.

ஒண்ணு, வீட்டுல. 2024 சீசன்ல இருந்து, பறிச்ச பழத்துல ஒரு பங்கைப் பழமாவே பக்கத்துல இருக்கற பெரிய தோட்டத்துக்குக் கொடுத்துடறோம். அங்க பெரிய பல்பர், பெரிய களம் எல்லாம் இருக்கு. பார்ச்மெண்ட் அளவுக்குப் பணம் வராது. ஆனா ராத்திரி கழுவுற வேலை, பகல் பூரா கிளறுற வேலை போச்சு. சீசன்ல என்னோட 22 மணி நேரம் 9 ஆச்சு. அம்மாவோட முதுகு வலிக்கு எந்தக் கணக்குல இடம் இருக்குன்னு எனக்குத் தெரியாது, ஆனா அதுவும் குறைஞ்சிருக்கு.

ரெண்டு, காலேஜ்ல. டீம்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேன், "நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் சனி ஞாயிறு நான் இருக்க மாட்டேன், அதுக்குப் பதிலா செவ்வாய், புதன் ராத்திரி பெரிய வேலையை நான் எடுத்துக்கறேன்." முதல் வருஷம் நான் இதைச் சொல்லல. சொல்லாம ஞாயிற்றுக்கிழமை காணாமப் போயிட்டேன். என் ஸ்லைடை இன்னொரு பொண்ணு ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுப் பண்ணியிருக்கா. எனக்கு அது தெரியவே ஒரு மாசம் ஆச்சு. அவளோட நேரமும் என் கணக்குல வராத நேரம்தானே? அவகிட்ட மன்னிப்பு கேட்டேன்.

மூணு, ஒரு கிளப் பொறுப்பை விட்டுட்டேன். ரெஸ்யூம்ல ஒரு வரி கம்மி. இன்டர்வியூவுல "லீடர்ஷிப் அனுபவம் என்ன"ன்னு கேட்டாங்க. இந்த 43 ரூபாய் கதையைத்தான் சொன்னேன்.

நிலம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. விக்கல. விக்க மாட்டோம்னும் முடிவு பண்ணல. இன்னும் ரெண்டு சீசன் எல்லார் நேரத்தையும் நோட்டுல எழுதி, அப்புறம் மூணு பேரும் உட்கார்ந்து பேசறதுன்னு வெச்சிருக்கோம். அப்பா இப்போ அவரே எழுதறார். போன வாரம் பார்த்தேன், "வேலி கட்டினது, 3 மணி. சும்மா நின்னு பாத்தது, 1 மணி"ன்னு எழுதியிருக்கார். அந்த ஒரு மணி நேரத்தை எந்தக் கலத்துல போடறதுன்னு எனக்கு இன்னும் புரியல. நிலத்தை வித்துட்டா அவருக்கு அது கிடைக்காதுன்னு மட்டும் புரியுது.

கேட்டுக்கிட்டிருக்கற மாணவர்களுக்கு நான் சொல்றது இதுதான். ஒரே ஒரு வாரம், 168 மணி நேரத்தையும் எழுதிப் பாருங்க. பக்கத்துலயே இன்னொரு பத்தி போட்டு, நீங்க படிக்கிறதுக்காக வேற யார் எத்தனை மணி நேரம் கொடுக்கறாங்கன்னும் எழுதுங்க. டிபன் கட்டிக் கொடுக்கற அம்மா, ஓவர்டைம் பார்க்கற அண்ணன், உங்க ஸ்லைடை முடிச்சுக் கொடுக்கற தோழி, எல்லாரும் அதுல வரணும். ரெண்டாவது பத்தி முதல் பத்தியைவிட நீளமா இருந்தா ஆச்சரியப்படாதீங்க.

இப்போ நாங்க மழைக்காகக் காத்துக்கிட்டிருக்கோம். பூ மழைன்னு சொல்லுவாங்க. பெய்ஞ்சு எட்டு, பத்து நாள்ல தோட்டம் பூரா வெள்ளையாப் பூக்கும், ரெண்டு மூணு நாள்ல கொட்டிடும். அந்த வாரம் எனக்கு வைவா வராம இருந்தா நல்லா இருக்கும். வந்தாலும் இந்தத் தடவை முன்கூட்டியே வீட்டுல சொல்லிடுவேன்.