திறவாத வன்தட்டு

ஒருவர் பல்லாண்டுகளாகச் சேர்த்த புகைப்படங்களையும் எழுத்துக்களையும் யூ.எஸ்.பி. வன்தட்டு ஒன்றிலே வைத்திருக்கின்றார். வேறு பிரதி இல்லை. அதனை லினக்ஸ் கணினியிலே செருகுகின்றார். திரையிலே யாதும் தோன்றவில்லை. எல்லாம் அழிந்தனவென்று அவர் கலங்குகின்றார். ஆயினும், பெரும்பாலும் அழிந்தது பொருளன்று, அடைபட்டது வழியே.

விண்டோஸ் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எழுத்தைச் சூட்டும். லினக்ஸோ, யுனிக்ஸ் மரபினைப் பின்பற்றி, கோப்புக்கள் அனைத்தையும் ஒரே மரமாகக் கொள்வது. புதிய தட்டு அம்மரத்திலே ஒரு கிளையாக ஒட்டப்படல் வேண்டும். இதனையே 'மவுண்ட்' என்பர். ஆகவே, கணினி தட்டினைக் காணாமை வேறு. கண்டும் ஒட்டாமை வேறு.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிது. எல், எஸ், பி, எல், கே என்னும் ஐந்து சிறிய எழுத்துக்களாலான கட்டளையை முனையத்திலே இட்டால், கணினி கண்ட தட்டுக்களின் பட்டியல் தோன்றும். அப்பட்டியலிலே தட்டு இல்லையெனின், கம்பியையும் துளையையும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். யூ.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி அம்பியர் மின்னோட்டமே தருவதற்கென வகுக்கப்பட்டது. சுழலும் தட்டுக்கு அது போதாமற் போவதுண்டு.

தட்டு பட்டியலிலே இருந்தும் திறவாதாயின், அதன் கோப்பு முறைமையை நோக்குதல் வேண்டும். 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாக வந்த விரைவுத் தொடக்க வசதி, கணினியை மூடும்போது தட்டினை முற்றாக மூடாது விடுவதுண்டு. அத்தகைய தட்டிலே எழுத லினக்ஸ் இசையாது. வாசிக்க மட்டும் விடும், அல்லது முற்றாக மறுக்கும். அது பிழையன்று, காவல். தட்டினை மீண்டும் விண்டோஸிலே இணைத்து, அவ்வசதியை நிறுத்தி, முறைப்படி வெளியேற்றுவதே பரிகாரம்.

தட்டிலே 'டிக், டிக்' என்னும் ஓசை எழுமாயின், நிலைமை வேறு. அப்பொழுது திருத்தும் கட்டளைகளை இடலாகாது. இயன்றதை முதலிற் பிரதி செய்தல் வேண்டும். 'ஃபோர்மற் செய்யவா?' என்று கணினி வினவினால், 'ஆம்' என்று விடை பகர்வது பெருந்தீங்கு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இங்கும் பொருந்தும்.

லினக்ஸ், எழுத வேண்டியவற்றைச் சிறிது நேரம் நினைவகத்திலே தேக்கி வைத்தே தட்டில் எழுதும். ஆதலின், வெளியேற்றும் கட்டளையை இடாது கம்பியைப் பிடுங்குதல், மை உலருமுன் ஏட்டினை மூடுதல் போன்றது. தட்டு மீண்டும் திறந்த அன்றே இரண்டாம் பிரதி ஒன்றை எடுத்து வைப்பவர், மறுமுறை கலங்கமாட்டார்.