புள்ளி மறைஞ்சா நோய் போச்சுன்னு அர்த்தமில்லை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே ஆடு வளர்க்கிற குழு இருக்கிறது, பனையோலைக் குழு இருக்கிறது. கண்ணாடித் தொட்டி மீனைப் பற்றி நமக்கு எதற்கு என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நம் கூட்டமைப்புக் கடன் அந்தத் தொட்டிக்குள்ளேதான் செத்து மிதந்தது.

மண்டபம் பக்கத்துக் கடலோரக் குழு ஒன்று, பன்னிரண்டு பேர். கோமாளி மீன் குஞ்சு வாங்கி, இரண்டு மூன்று மாதம் வளர்த்து விற்கிறார்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' சினிமாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கேட்கிற மீன் அதுதான். கடலில் பிடிக்காமலே இதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். நம் பெண்களுக்கு இது நல்ல தொழில். நிழலில் செய்கிற வேலை, வெயிலில் பாசி எடுக்கப் போக வேண்டாம்.

ஒருநாள் காலையில் போன் வந்தது. "அக்கா, மீனுக்கு அம்மை போட்டிருக்கு." போய்ப் பார்த்தோம். உப்புக்கல்லைத் தூவினது மாதிரி வெள்ளைப் புள்ளிகள். மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கிறது, மேல்மூச்சு வாங்குகிறது, தீனி எடுக்கவில்லை. பாட்டியம்மா ஒருவர் தொட்டி ஓரத்தில் வேப்பிலை சொருகி, மஞ்சளும் கொஞ்சம் கரைத்து ஊற்றியிருந்தார். யாரையும் குறை சொல்லவில்லை, அம்மை என்றால் நம் கை முதலில் வேப்பிலைக்குத்தானே போகும்.

டவுனில் மீன் கடைக்காரர் கல் உப்பு போடச் சொன்னார். போட்டார்கள். குளத்து மீனுக்கு அது சரி, அங்கேயும் இதே போல ஒரு வெள்ளைப் புள்ளி நோய் உண்டு, உப்புக்கு அது அடங்கும். இது கடல் மீன். உப்பிலேயே பிறந்த பூச்சிக்கு இன்னும் உப்பு போட்டு என்ன ஆகும்?

அஞ்சாம் நாள் புள்ளிகள் மறைந்தன. எல்லோருக்கும் சந்தோஷம். "குணமாயிடுச்சு" என்று தீர்மான நோட்டில் எழுதச் சொன்னதே நாங்கள்தான். அந்தத் தவறு எங்களுடையது, இந்தக் கூட்டத்தில் ஒத்துக்கொள்கிறோம். அடுத்த வாரம் ஒன்றுக்குப் பத்தாகப் புள்ளி வந்தது. நானூறு குஞ்சில் இருநூற்று அறுபது போச்சு.

அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துவிடுவோம். இந்த நோயில் இறங்குவதுதான் ஆரம்பம். இது கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. பெயர் கிரிப்டோகேரியான். மீனின் தோலுக்கு அடியில், செவுளில் புகுந்து மூணு முதல் ஏழு நாள் தின்று கொழுக்கும். பிறகு தானாகவே உதிர்ந்து தொட்டியின் அடியில், கல்லில், குழாயில் ஒட்டி கூடு கட்டிக்கொள்ளும். உள்ளே ஒன்று பலவாகப் பிரியும். ஒரு கூட்டிலிருந்து இருநூறுக்கு மேல் குஞ்சுப் பூச்சி வெளியே வரலாம். பேனைச் சீவி எடுத்தாலும் ஈர் தலையிலேயே இருக்கிற மாதிரிதான். அந்தக் கூடு மூணு நாளிலும் வெடிக்கும், இருபத்தெட்டு நாளிலும் வெடிக்கும், சிலது இரண்டு மாதம் தாண்டியும் கிடக்கும். வெளியே வந்த பூச்சிக்கு மட்டும் அவசரம். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும்.

தோலுக்கு அடியில் இருக்கும்போது மருந்து எட்டாது, கூட்டுக்குள் இருக்கும்போதும் எட்டாது. நீந்தி வரும்போதுதான் அடிக்க முடியும். அதனால்தான் வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டியிருக்கிறது.

காசு செலவில்லாத வழியை முதலில் சொல்கிறோம். அந்தக் குழு கடைசியில் செய்தது அதைத்தான். மீனை மூணு நாளைக்கு ஒருதரம் கழுவிக் காயவைத்த வேறு தொட்டிக்கு மாற்றுவது. ஒன்றாம் நாள், நாலாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள், ஆக நாலு தடவை. உதிர்ந்த பூச்சி பழைய தொட்டியிலேயே தங்கிவிடும், அது வெடிப்பதற்குள் மீன் அங்கே இருக்காது. தொட்டிக்குப் பதில் பெரிய பிளாஸ்டிக் டப் போதும். பழையதைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் சொட்டு ஈரமில்லாமல் காய வையுங்கள். வலை, ஏர் குழாய், ஏர் கல், மக்கு எல்லாவற்றையும் அதே போல. ஒரு அக்கா தொட்டியை ஒழுங்காக மாற்றிவிட்டு, ஈர வலையை அப்படியே புதுத் தொட்டியில் விட்டார். திரும்பவும் முதலிலிருந்து செய்தோம்.

இரண்டாவது வழி உப்பைக் குறைப்பது. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரை இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 15, 16 கிராமுக்குக் கொண்டுவந்து, மூணு நாலு வாரம் அப்படியே வைக்க வேண்டும். நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லக் கூடாது, உப்பு அளக்கும் கருவி வேண்டும். இடையில் 20-க்கு ஏறிவிட்டால் பட்ட பாடு வீண். திரும்ப ஏற்றும்போது இன்னும் நிதானம். கடல் சாமந்தி, இறால் இருக்கிற தொட்டியில் இதைச் செய்தால் அவை செத்துப்போகும்.

மூன்றாவது தாமிர மருந்து. மயில்துத்தம்தானே, வீட்டில் கிடக்கிறதே என்று கையில் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் தாமிரம்தான் கணக்கு. குறைந்தால் பூச்சி சாகாது, கூடினால் மீன் சாகும். காலையும் மாலையும் டெஸ்ட் கிட்டில் அளக்க வேண்டும். பவளக் கல்லும் சிப்பி மணலும் தாமிரத்தை இழுத்துக்கொள்ளும், அளவு நிற்காது. (பவளக் கல்லைக் கடலிலிருந்து எடுப்பதே குற்றம், அதையும் ஞாபகத்தில் வையுங்கள்.) தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் இந்த வழிக்குப் போகாதீர்கள் என்பது எங்கள் கருத்து.

புள்ளியாக இல்லாமல் தங்கத்தூள் போல மெல்லிசாகப் படிந்திருந்தால் அது வேறு ஒட்டுண்ணி. உப்பைக் குறைத்தால் அடங்காது, ஓரிரு நாளில் தொட்டியையே காலி பண்ணிவிடும். கோமாளி மீனுக்குச் சளி மாதிரி தோல் உரிகிற நோயும் வரும், அதற்கு மருந்து வேறு. சந்தேகம் என்றால் ஒரு மீனை உயிரோடு கடல் தண்ணீரில் எடுத்துப்போய் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள்.

தேறி வருகிற மீனைப் பிரசவித்த பெண் மாதிரி பார்க்க வேண்டும். ஏர் மோட்டார் நிற்கக் கூடாது, கரண்ட் போனால் மாற்று வேண்டும், செவுள் புண்ணாக இருப்பதால் மூச்சுதான் முதலில் முட்டும். தீனி கொஞ்சமாக, நாலைந்து தடவை. இறால் சதை, மட்டிச் சதை பொடியாக நறுக்கிப் போட்டால் விரும்பி எடுக்கும். மிச்சத்தை உடனே உறிஞ்சி எடுங்கள், அழுகினால் அமோனியா ஏறும். வடிகட்டிய தண்ணீரில் தினம் கொஞ்சம் மாற்றுங்கள். ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடி பண்ணிப் போடுவது வேண்டவே வேண்டாம்.

நோய் எப்படி வந்தது? அதுதான் பெரிய சண்டை ஆகிவிட்டது. ஒரு தங்கச்சியின் கொழுந்தனார் வலையில் இரண்டு நீல மீன் உயிரோடு கிடைத்திருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று தொட்டியில் விட்டுவிட்டார். முதல் மீன் செத்தபோது பயந்துபோய் யாருக்கும் தெரியாமல் மணலில் புதைத்தார். நாலு நாள் அப்படியே போனது. கூட்டத்தில் "நீதான் கொண்டு வந்தே, நீயே கட்டு" என்று எல்லோரும் ஏறிவிட்டார்கள். அவர் சேமிப்பை முடித்துக்கொண்டு போகிறேன் என்று பாஸ்புக்கை வைத்துவிட்டார்.

நாங்கள் இதைத்தான் சொன்னோம்: புது மீனை நாலு வாரம் தனித் தொட்டியில் வைக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நாங்கள் சொல்லவில்லை. தனித் தொட்டிக்குக் கடனில் பணமும் ஒதுக்கவில்லை. இரண்டு கூட்டம் பேசி, நஷ்டத்தைப் பன்னிரண்டு பேரும் பிரித்துக்கொண்டார்கள். தலைவி அக்காவே பாஸ்புக்கை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். அசல் தவணையை மூணு மாதம் தள்ளிவைக்கக் கூட்டமைப்பு ஒத்துக்கொண்டது.

பெரிய தொட்டியைத் துடைத்துக் காய வைத்தார்கள். பிழைத்த நூற்று நாற்பது மீனும் டப்பிலேயே தேறின. இப்போது குழுவில் ஒரு நோட்டு இருக்கிறது. எத்தனை மீன் செத்தது, யார் பார்த்தது என்று அன்றன்றே எழுத வேண்டும், எழுதினவரை யாரும் திட்டக் கூடாது. அதை எழுதுகிற பொறுப்பு அந்தத் தங்கச்சிக்கு.

சாப்பாட்டுக்குப் பிறகு உப்பு அளக்கும் கருவியும் டெஸ்ட் கிட்டும் கொண்டுவந்து காட்டுகிறோம். கையில் வாங்கி நீங்களே அளந்து பாருங்கள். தனித் தொட்டிக்குக் கடன் கேட்கிற குழுக்கள் போகும்முன் எழுத்தரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.