‘கவனயீனம்’ என்ற குறிப்புக்குப் பின்னால்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்கு இனிமையான விடயங்கள் நிறைய உண்டு. அவற்றை மற்றவர்கள் சிறப்பாகப் பேசுவார்கள். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் ஒளித்து வைத்திருக்கும் ஒரு துன்பத்தைப் பற்றி இங்கு சில நிமிடங்கள் பேச விரும்புகிறோம். இங்கே கூடியிருப்போரில் தாய்மார், பேத்திகளைக் கண்ட அம்மம்மாமார், ஆசிரியைகள், வைத்தியர்கள் எல்லோரும் இருக்கிறோம். நாம் அறிந்து வைத்தால் ஒரு பிள்ளைக்காவது உதவும்.

எமது பழைய தேர்ச்சி அறிக்கைகளை எடுத்துப் பார்த்தால் சில குறிப்புகள் திரும்பத் திரும்ப வரும். “கெட்டிக்காரி, ஆனால் கவனயீனம்.” “வகுப்பில் அதிகம் கதைக்கிறார்.” “அவசரப்படாமல் எழுத வேண்டும்.” இவை பெரும்பாலும் சாதாரணக் குறிப்புகளே. ஆனால் சில பிள்ளைகளுக்கு இவை ஆண்டுதோறும், பாடந்தோறும், வீட்டிலும் பள்ளியிலும் தொடரும். அப்படியான சிலருக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. எனப்படும் நிலை. கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாமை, அமைதியாக இருக்க முடியாமை, யோசிக்குமுன் செய்துவிடுதல் என்பன அதன் மூன்று முகங்கள். இது சோம்பலும் அல்ல, வளர்ப்பின் குறையும் அல்ல. மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. பெருமளவுக்குப் பரம்பரையாகவும் வருவது.

வாங்கில் ஏறி நிற்கும் ஆண்பிள்ளை உடனே கண்ணில் படுவான். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கும் பெண்பிள்ளையை ஒருவரும் கவனிப்பதில்லை. அதனால் பெண்பிள்ளைகளில் இந்நிலை பிந்தியே கண்டறியப்படுகிறது. பலர் தம்முடைய பிள்ளைக்குப் பரிசோதனை நடக்கும்போதுதான் தமக்கும் இது இருந்ததை உணர்கிறார்கள்.

இனி, புலிமியா. கிரேக்க மொழியில் ‘எருதுப் பசி’ என்பது இச்சொல்லின் பொருள். 1979இல் லண்டன் றோயல் ஃபிறீ வைத்தியசாலையின் உளமருத்துவர் ஜெரால்ட் ரஸல், தாம் கண்ட 30 நோயாளிகளை வைத்து இந்நோயைத் தனியாக விபரித்தார். குறுகிய நேரத்தில், நிறுத்த முடியாமல், மிக அதிகமாகச் சாப்பிடுதல். பின்னர் உடல் பருத்துவிடும் என்ற பயத்தில் சத்தி எடுத்தோ, பட்டினி கிடந்தோ, பேதி மருந்து எடுத்தோ, அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்தோ அதை ஈடுசெய்ய முயலுதல். இது வாரத்தில் ஒரு தடவையாவது மூன்று மாதங்களுக்குத் தொடர்வது நோயைத் தீர்மானிக்கும் அளவுகோல்களில் ஒன்று. நோயாளியின் எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். ஆகையால், ‘ஆள் மெலியவில்லையே’ என்று நாம் நிம்மதியடைய முடியாது.

இந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு? அமெரிக்காவில் ஜோசப் பீடர்மன் குழுவினர் ஏ.டி.எச்.டி. உள்ள பெண்பிள்ளைகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுக்கு உணவு சார்ந்த உளநோய் ஏற்படும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 3.6 மடங்காக இருந்தது. கலிபோர்னியாவில் அமோரி மிகாமி, ஸ்டீபன் ஹின்ஷா ஆகியோரின் ஆய்வு 2008இல் வந்தது. ஏ.டி.எச்.டி. உள்ள 140 சிறுமியரும் இல்லாத 88 சிறுமியரும் அதில் இருந்தனர். சிறுவயதில் கவனயீனமோ துடியாட்டமோ அல்ல, யோசிக்குமுன் செய்துவிடும் தன்மையே பதின்ம வயதில் வரும் புலிமியா அறிகுறிகளை அதிகம் முன்கூட்டிக் காட்டியது.

இதைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. ஏ.டி.எச்.டி. உள்ள பெரும்பாலானோருக்குப் புலிமியா வருவதில்லை. புலிமியா உள்ள எல்லோருக்கும் ஏ.டி.எச்.டி. இருப்பதுமில்லை. பட்டினி கிடந்தாலே எவருக்கும் கவனம் சிதறும். ஆகவே வைத்தியர்கள் 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் பழைய தேர்ச்சி அறிக்கை ஒரு நல்ல சாட்சி. அதை எறிந்துவிடாதீர்கள்.

தொடர்பு எவ்வழியில் நடக்கிறது என்பதை ஒரு பிள்ளையின் நாளை வைத்து விளங்கலாம். காலையில் அவசரத்தில் சாப்பிடாமல் வெளிக்கிடுகிறாள். இடைவேளையில் கதையில் மூழ்கி, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க மறக்கிறாள். பசி எடுத்ததையே கவனிக்கவில்லை. ரியூசனும் முடிந்து இரவு வீடு வரும்போது உடல் முழுவதும் பசி. குசினியில் பாணும் பிஸ்கற்றும் இருக்கின்றன. ‘போதும்’ என்று நிறுத்தும் தடுப்பு அவளிடம் இயல்பாகவே பலவீனம். அன்று பரீட்சைப் புள்ளியும் வந்து, பேச்சும் வாங்கியிருந்தால், சாப்பாடு ஒரு நேரத்து ஆறுதலுமாகிறது. பிறகு வெட்கம். வெட்கத்தைத் துடைக்க இன்னொரு அவசரச் செயல். மறுநாள் ‘இன்று ஒன்றும் சாப்பிட மாட்டேன்’ என்ற சபதம். அந்தச் சபதமே அடுத்த இரவின் பசியைத் தயார் செய்கிறது.

நாம் சொல்ல வந்ததன் நடுப்புள்ளி இனித்தான். மேலே சொன்ன 2008 ஆய்வில் இன்னும் இரண்டு விடயங்கள் தெரிந்தன. சிறுவயதில் பெற்றோரின் கடுமையான தண்டிப்பும், சகபிள்ளைகளால் ஒதுக்கப்படுதலும் பின்னாளில் வந்த உணவுக் கோளாறுகளோடு தொடர்புபட்டிருந்தன. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில், கடுமையான தண்டிப்போடு இருந்த தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. பிள்ளையின் மூளையை நாம் மாற்ற முடியாது. ஆனால் அவளிடம் பேசும் முறையை நாம் மாற்றலாம். ‘குழப்படிக்காரி’, ‘பெருந்தீனிக்காரி’ என்ற இரு பட்டங்களையும் ஒரே பிள்ளை சுமக்கும்போது, உதவி கேட்க அவளுக்கு வாய் வராது.

உடலுக்கு வரும் ஆபத்தையும் அறிந்திருக்க வேண்டும். அடிக்கடி சத்தி எடுப்பதால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்புக் குழம்பலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பல்லின் மேற்பூச்சு அரிக்கும், கன்னத்தோரம் வீங்கும், விரல் மூட்டுகளில் தழும்பு வரும். சாப்பிட்டவுடன் நெடுநேரம் குளியலறையில் இருத்தல், உணவு காணாமற் போதல், மற்றவரோடு சாப்பிட மறுத்தல் என்பன வீட்டில் தென்படும் அடையாளங்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, கைகால் சோர்வு இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நல்ல செய்தி, சிகிச்சை உண்டு. ஒக்ஸ்பேர்டில் கிறிஸ்ரோபர் ஃபெயர்பேர்ன் வளர்த்தெடுத்த சிந்தனை-நடத்தைச் சிகிச்சையின் முதற்படி மிக எளிமையானது: நேரம் தவறாமல் சாப்பிடுதல். மூன்று வேளை உணவு, இடையில் சிற்றுணவு. பதின்ம வயதினருக்குக் குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சை அளிப்பர். வளர்ந்தோருக்கு ஃபுளுவொக்ஸெற்றின் என்ற மருந்தும் உதவுகிறது. ஏ.டி.எச்.டி. இருப்பின் அதற்கும் சேர்த்துச் சிகிச்சை பெற வேண்டும். ஆனால் அதற்கான தூண்டல் மருந்துகள் பசியைக் குறைப்பவை. பகலில் பசி மங்கி இரவில் திரும்பலாம், சிலர் மெலிவதற்காகவே அவற்றைக் கூட்டி எடுக்கவும் கூடும். புப்ரோபியோன் என்ற மருந்து வலிப்பை ஏற்படுத்தக்கூடியதால் புலிமியா உள்ளவருக்குக் கொடுக்கலாகாது. எனவே வெட்கத்தில் ஒரு நோயை மறைத்து மற்றதற்கு மட்டும் குளிசை எடுப்பது ஆபத்து. வைத்தியரிடம் இரண்டையும் சொல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை சில. உறவினர் வீட்டுக்குப் போனதும் ‘உடம்பு வைச்சிட்டுது’, ‘மெலிஞ்சு போனாய்’ என்று தொடங்கும் வழக்கத்தை விடுவோம். இந்நோய் உள்ள பிள்ளையைக் கந்தசஷ்டி போன்ற விரதங்களுக்கு வற்புறுத்தாமல், கோயிலுக்கு ஒரு பூவோடு போகச் சொல்வோம். ஆசிரியைகள் ‘கவனயீனம்’ என்று மூன்றாம் தடவை எழுதுமுன் தாயை அழைத்து, ‘பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, நித்திரை கொள்கிறாளா?’ என்று கேட்கலாம். சந்தேகம் வந்தால், தனியே இருத்தி, குற்றஞ்சாட்டாமல், ‘உனக்குச் சாப்பாட்டு விடயத்தில் கஷ்டமாக இருக்கிறதா? நான் கூட வாறன், டொக்டரிட்டைப் போவம்’ என்று சொன்னால் போதும். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் என்று வாழ்வோர் தத்தம் குடும்ப வைத்தியரிடம் தொடங்கலாம்.

இவ்வுரையைக் கேட்கும் அல்லது மலரில் வாசிக்கும் ஒருவர் தம்மையே இதில் கண்டால், அவருக்கும் ஒரு சொல். உங்களுக்கு வயது 50 ஆனாலும் காலம் கடந்துவிடவில்லை. நீங்கள் மனவுறுதி இல்லாதவர் அல்ல. இத்தனை ஆண்டுகள் ஒருவருக்கும் தெரியாமல் இதைச் சுமந்தவருக்கு மனவுறுதி இல்லையென்று யார் சொல்ல முடியும்? அதை இனித் தனியே சுமக்க வேண்டாம். நம்பும் ஒருவரிடம், அது ஒரே வாங்கில் இருந்த பழைய சிநேகிதியாயினும் சரி, இந்த வாரமே சொல்லுங்கள்.