மந்திரத்துக்கும் இலக்கணம் உண்டு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தி தான் எழுதிய மாயக்கதை ஒன்றை என்னிடம் காட்டினாள். நாயகி நினைத்தபோதெல்லாம் மந்திரம் சொன்னாள். மலை பிளந்தது, பகை மாய்ந்தது. “கற்பனைக்கு எல்லை ஏது?” என்று பாராட்டி அனுப்பினேன். நான் சொன்னது பிழை. எதையும் இழக்காத நாயகிக்காக எந்த வாசகர் அஞ்சுவார்? அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளவே இன்று பேசுகிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட புதினத்தில் ‘எர்த்சீ’ என்னும் தீவுலகைப் படைத்தார். அங்கே ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவனே அதனை ஆளமுடியும். ஆயினும் ஓரிடத்தில் வருவித்த மழை வேறோரிடத்தில் வறட்சியாகலாம். இறந்தவளின் ஆவியைச் செருக்கினால் அழைத்த இளைஞன் கெட், கொடிய நிழல் ஒன்றை உலகில் அவிழ்த்துவிடுகிறான். திறந்த வழியை அடைக்க முதுபெரும் மந்திரவாதி ஒருவர் தம் உயிரையே தருகிறார். ஈற்றில் கெட் அந்நிழலைத் தன் பெயரால் அழைத்துத் தன்னுள் ஏற்கும்போதுதான் விடுதலை பெறுகிறான்.

இந்த நெறி நமக்குப் புதிதன்று. மணிமேகலைக்குத் தெய்வம் அருளிய மந்திரங்கள் மூன்றே: வேற்றுருக் கொள்ளல், வான்வழிச் செல்லல், பசி தாங்கல். அரசமாதேவி சிறையிலிட்டபோது பசிமந்திரம் அவளைக் காத்தது. ஆனால் அவள் காயசண்டிகையின் உருக்கொண்டதனால் அன்றோ, காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் ஐயுற்று உதயகுமாரனை வாளால் வீழ்த்தினான்? காத்துக்கொள்ள எடுத்த உருவமே கொலைக்குக் காரணமாயிற்று. சாத்தனார் மந்திரத்தையும் வினைப்பயனிலிருந்து விலக்கவில்லை.

ஆகவே மாய உலகம் படைக்க முனைவோர் முதலில் வகுக்க வேண்டியது ஆற்றலை அன்று, அதன் வரம்பை. இம்மந்திரம் யாருக்குக் கைகூடும்? எதனைச் செய்ய இயலாது? செய்தபின் யார் விலை கொடுப்பர்? இவற்றுக்கு விடை கண்டபின் ஆசிரியரும் அவ்விதியை மீறலாகாது. நெருக்கடியில் புதுமந்திரம் ஒன்றைப் புகுத்துவது, தளை தட்டிய இடத்தில் அசைச்சொல்லைச் செருகுவது போன்றது.

யாப்பறிந்த கவிஞர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நாமும் சொல்லால் வினை செய்ய முயல்பவர்களே. விலையின்றி வந்த சொல் நம் கவிதையிலும் ஒன்றும் செய்வதில்லை. அம்மாணவியைக் காணநேர்ந்தால் இதையே சொல்வேன்: “உன் நாயகி எதை இழப்பாள் என்பதை எழுது, மந்திரம் தானே பலிக்கும்.”